கஞ்சி போட்ட தூக்கப்பை

பழனி மலைத்தொடரில் பேருந்து நின்று திரும்புகிற இடத்திலிருந்து 640 படி ஏறினால் தவமணி அம்மாவின் மடம் வரும். ஓட்டு வீடு ஒன்று, சமையல்கட்டு ஒன்று, சிமெண்டுத் தொட்டி இரண்டு. அதற்கும் மேலே ஓர் அகலப் பாறை. மார்கழியின் முதல் மூன்று நாள் அம்மாவும் அவரைத் தேடி வருகிறவர்களும் அந்தப் பாறையில் தியானம் இருப்பார்கள். தூக்கமும் அங்கேயேதான்.

மார்கழியில் அங்கே புல் நுனியில் பனி உறைந்து நிற்கும். அதனால் மடத்தில் பன்னிரண்டு தூக்கப்பைகள் உண்டு. மெல்லிய துணிக்குள் வாத்தின் நெஞ்சுத் தூவியை, அந்த மெல்லிய பஞ்சிறகை, நிரப்பிக் கட்டம் கட்டமாகத் தைத்தவை. உள்ளே நுழைந்து கழுத்துவரை ஜிப்பை இழுத்துக்கொண்டால் குளிர் தெரியாது. அம்மா இங்கே வருமுன் பதினோரு வருஷம் வடக்கே பனிமலை ஏறுகிறவர்களுக்குச் சமைத்துப் போட்டவர். அவர் விடைபெற்றபோது அவர்கள் கொடுத்த பைகள் இவை. பன்னிரண்டும் ஒரே நீலம், ஒரே அளவு.

அம்மாவுக்கு வயது 44. சீடர் பூதலிங்கத்துக்கு 63. நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக் கடையில் 41 வருஷம் பருத்திச் சேலைப் பிரிவில் நின்றவர். வயதில் மூத்தவர் என்பதால் அம்மா அவரை அண்ணாச்சி என்பார். குரு என்பதால் அவர் அம்மா என்பார்.

கார்த்திகை நான்காம் தேதி காலை, பூதலிங்கம் வந்து நின்றார். அம்மா பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, எனக்கு உபதேசம் எப்பம்மா?”

“என்ன அவசரம்?”

“ரெண்டு மார்கழி காத்தாச்சு. போன வருஷம் காய்ச்சல்ல படுத்துட்டேன். அதுக்கு முந்தின வருஷம் இன்னும் இருங்கன்னு சொல்லிட்டீங்க. தை பொறந்தா வந்திரணும்னு வீட்டுக்காரி கண்டிசனாச் சொல்லிட்டா. காதுல ஒரே ஒரு சொல்லு. அது போதும் எனக்கு.”

அம்மா ஒரு பீன்ஸை ஒடித்தார்.

“தூக்கப்பை எல்லாம் போன மார்கழி அழுக்கோட இருக்கு. தூவியில வேர்வை எண்ணெய் ஏறினா அது அமுங்கிப் போயிடும். குளிர் தாங்காது. பன்னிரண்டையும் துவைக்கணும்.”

“துவைச்சுத் தாறேன்.”

“மார்கழி பிறக்கிறதுக்குள்ள பன்னிரண்டும் ஆகட்டும். அன்னிக்குச் சொல்றேன்.”

“கண்டிப்பா?”

“பீன்ஸ் மேல சத்தியம் பண்ணவா?”

“வேண்டாம்மா” என்றார் பூதலிங்கம். அவருக்கு அப்போதே கை பரபரத்தது.

அம்மா நான்கு விஷயம் சொன்னார். பிழியக் கூடாது. அடித்துத் துவைக்கக் கூடாது. நனைந்த பையை ஒரு முனையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. காய்ந்த பிறகு மடித்து அடுக்கக் கூடாது. பூதலிங்கம் நான்கையும் விரல் விட்டு எண்ணி, இரண்டு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

“மடிக்காம எப்படிம்மா வைக்கது?” என்று மட்டும் கேட்டார். 41 வருஷத்தில் ஒரு துணியையும் அவர் மடிக்காமல் வைத்ததில்லை.

“சும்மா தொங்கட்டும்.”

மறுநாள் ஆரம்பித்தார். ஒரு பைக்கு அதற்கென்று வருகிற சோப்புத் திரவம் மூன்று மூடி. வெதுவெதுப்பான தண்ணீர். ஒரு மணி நேரம் ஊற வைத்து, உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி அழுக்கை வெளியேற்றினார். பிறகு எட்டுத் தண்ணீர் அலசல். உலர்ந்திருக்கும்போது ஒன்றேகால் கிலோ இருக்கிற பை, நனைந்தால் தொட்டியோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். இரண்டு கையையும் அடியில் கொடுத்து, பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டி எடுப்பதுபோல் எடுத்து, நிழலில் கயிற்றுக் கட்டிலில் கிடத்தினார். கட்டில்கள் ஆறு. ஒரு பை காய நான்கு நாள்.

காய்கிறபோது தூவி எல்லாம் உருண்டு கட்டி கட்டியாக நிற்கும். ஒவ்வொரு கட்டியையும் துணிக்கு வெளியிலிருந்தே விரலால் பிரித்துவிட வேண்டும். பூதலிங்கத்தின் விரல்களுக்கு அது கடினமாக இல்லை. இழை பார்த்துப் பழகிய விரல்கள்.

சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒச்சம்மா, கையில் கரண்டியோடு வந்து நின்று பார்ப்பாள்.

“என்ன அண்ணாச்சி, வாத்துக்கு வயித்து வலியா? இம்புட்டுத் தடவுறீக?”

“உனக்கு என்ன தெரியும். இது நுணுக்கமான வேலையாக்கும்.”

“எனக்கு வாத்துன்னா கொழம்புதான் தெரியும்.”

முதல் சுற்றில் ஆறு. இரண்டாம் சுற்றில் ஐந்து. கார்த்திகை பன்னிரண்டாம் தேதி மாலையில் பதினொன்று முடிந்து, பைகள் வைக்கும் அறையில் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றும் உப்பி, மூச்சு இழுத்துப் பிடித்த ஆள் மாதிரி இருந்தது.

பன்னிரண்டாவதை அவர் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தார். அது அம்மாவின் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பை.

குருவின் பை. மற்றதோடு சேர்த்து, மற்றது மாதிரியே அலசி எடுப்பதா? அவருக்கு மனம் ஒப்பவில்லை. தனியாக ஒரு நாள் ஒதுக்கினார். அன்று குளித்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, ஒச்சம்மாவிடம் போனார்.

“ஒச்சம்மா, இன்னைக்கு வடிக்கிற கஞ்சியக் கொட்டிராத.”

“எதுக்கு? குடிக்கவா?”

“ஒரு காரியம் இருக்கு. உப்புப் போட்டிராத கேட்டியா.”

எட்டாம் தண்ணீர் முடிந்ததும் கஞ்சியை மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டினார். அதில் பன்னீர் அரை பாட்டில் ஊற்றினார். கடையில் முதலாளி வீட்டு விசேஷப் பருத்திச் சேலைகளுக்கு மட்டும் அவர் செய்து வந்த முறை அது. பையை அதில் முக்கி எடுத்து, தனிக் கட்டிலில் விரித்து, கைகூப்பிவிட்டு வந்தார்.

இரண்டு நாள் மூடுபனி. இரண்டு நாள் வெயில். மூன்றாம் நாளே எறும்பு வந்தது. பூதலிங்கம் ஊதி ஊதி விரட்டினார். அன்று கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தபோது, எங்கே கட்டி முடிகிறது, எங்கே பை தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நன்றாக வெயில் பட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் பகல் பதினோரு மணிக்குப் பையைக் கட்டிலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார்.

பை நின்றது.

யாரும் பிடிக்கவில்லை. எதிலும் சாயவில்லை. நின்றது.

ஒச்சம்மா வெளியே வந்து பார்த்தாள்.

“ஆத்தாடி, யாரோ வந்திருக்காகன்னுல்ல நெனச்சேன்! இவருக்கும் சேத்து இலை போடவா அண்ணாச்சி?”

“நீ உள்ள போ.”

“உக்காரச் சொல்லுங்க. எம்புட்டு நேரம் நிப்பாரு?”

சத்தம் கேட்டு அம்மா வந்தார். பையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினார். பலாப்பழத்தைத் தட்டினால் வருகிற சத்தம் வந்தது.

“யாரு இது?”

“உங்க பைம்மா.”

“நல்லா வளந்திருக்கு.”

“கஞ்சி போட்டேன்மா” என்றார் பூதலிங்கம். “கஞ்சி போடக் கூடாதுன்னு நீங்க சொல்லலியே. நாலுதானே சொன்னீங்க.”

“ரசம் ஊத்தக் கூடாதுன்னுங் கூடத்தான் சொல்லல” என்றாள் ஒச்சம்மா.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கட்டிலில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பூதலிங்கம் சிரிக்கவில்லை. மார்கழிக்கு இன்னும் பதிமூன்று நாள். பதினொன்று ஆகிவிட்டது. ஆகாமல் நிற்பது இந்த ஒன்று. அதுவும் நிஜமாகவே நிற்கிறது.

“மத்த பதினொண்ணுக்கும் போட்டீங்களா?”

“இல்லம்மா. உங்களோடதுக்கு மட்டும்.”

“ஏன்?”

“நீங்க குரு இல்லியா.”

அம்மா சிரிப்பை நிறுத்தினார். பையை இன்னொரு முறை பார்த்தார்.

“தண்ணியில போடுங்க.”

“எத்தனை தண்ணிம்மா?”

“ஊத்தின மாதிரியே திரும்பி வர்ற வரைக்கும்.”

அன்றும் மறுநாளும் பூதலிங்கம் தொட்டியை விட்டு நகரவில்லை. பத்தாம் தண்ணீர் வரை பால் மாதிரி வந்தது. இருபதாம் தண்ணீரில் மோர். அதன் பிறகும் விரலுக்கிடையில் ஒரு வழவழப்பு இருந்தது. பன்னீர் வாசனை கடைசி வரை போக மாட்டேன் என்றது. முப்பத்தோராம் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்தார். ஓடையில் இன்னொரு டம்ளர் எடுத்தார். இரண்டையும் ஒச்சம்மா முன்னால் வைத்தார்.

“இதுல எது ஓடைத் தண்ணி?”

அவள் இரண்டையும் மோந்து பார்த்தாள். “ரெண்டுந்தான்.”

பையை எடுத்துக் கட்டிலில் கிடத்தியபோது அது பை மாதிரியே இல்லை. ஈரத் துணிக்குள் யாரோ கொழுக்கட்டைகளைப் போட்டு வைத்த மாதிரி இருந்தது. தலைப்பக்கத்திலிருந்து கால்பக்கம் வரை எண்ணினார். 186 கட்டி.

அன்று மதியம் நாகர்கோவிலிலிருந்து மனைவி காந்திமதி பேசினாள்.

“என்ன, மந்திரம் கெடச்சாச்சா?”

“இல்ல. கொஞ்சம் வேலை பாக்கியிருக்கு.”

“என்ன வேலை?”

“துவைக்க வேலை.”



“முப்பத்தாறு வருசமா எனக்கு ஒரு துண்டு அலசித் தந்ததில்ல நீங்க. அங்க மலை மேல போய் யாருக்கோ துவைச்சிட்டு இருக்கேளா?”

“யாருக்கோ இல்ல, குருவுக்கு.”

“அந்த அம்மாகிட்ட கொஞ்சம் போனைக் குடுங்க. என்ன சொல்லி உங்களத் துவைக்க வச்சாங்கன்னு கேக்கணும். அந்த மந்திரந்தான் எனக்கு வேணும்.”

பூதலிங்கம் போனைக் கொடுக்கவில்லை.

அவருக்கு வேறொரு கவலை இருந்தது. தன்னால் அம்மா குளிரில் கிடக்கிறார் என்று. மறுநாள் விடிந்ததும் போய்க் கேட்டார்.

“ராத்திரி குளிரலையாம்மா?”

“இல்லியே. அறையில இருந்து ஒரு பையை எடுத்துக்கிட்டேன். நல்லாத் தூங்கினேன்.”

“அது உங்க பை இல்லியே!”

“அப்படியா? அது எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே அண்ணாச்சி.”

விளையாடுகிறார் என்று எண்ணி, பூதலிங்கம் கட்டிலுக்குத் திரும்பினார்.

இரண்டாம் நாள் 150 கட்டி. மூன்றாம் நாள் 121. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பையைப் புரட்டினார். பெரிய கட்டிகளை இரண்டாக்கினார், இரண்டை நான்காக்கினார். அதனால் ஆறாம் நாள் கணக்குக் கூடிப்போய் 160 ஆனது. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஏழாம் நாள் வெயில் வந்தது. 52. எட்டாம் நாள் 17. கார்த்திகை இருபத்தேழாம் தேதி மாலையில் தடவினார். கால்பக்கம் நான்கே நான்கு கட்டி. மிளகு அளவு.

“இன்னும் ஒரு நாள் வெயில் போதும்மா” என்றார்.

“போதுமே” என்றார் அம்மா.

மறுநாள் நல்ல வெயில். பாறைக்குப் போகும் முன் எல்லாப் பைக்கும் காற்றுப் படட்டும் என்று பதினொன்றையும் வெளியே கொண்டுவந்து, கட்டிலிலும் கொடியிலும் போட்டார்கள். பன்னிரண்டாவது தன் கட்டிலில் கிடந்தது. மதியம் இரண்டு மணி வரை வானத்தில் ஒன்றுமில்லை.

இரண்டு ஐந்துக்கு மழை வந்தது. மலையில் மழை வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வராது. மேலே பாறைப் பக்கம் இரைச்சல் கேட்டது. ஒச்சம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அம்மா ஓடினார். பூதலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

“அள்ளுங்க, அள்ளுங்க!”

“ஒரு முனையப் பிடிச்சுத் தூக்கக் கூடாது!”

“அது நனைஞ்ச பைக்கு அண்ணாச்சி! இது நனையாம இருக்கத்தானே ஓடுறோம்!” என்றார் அம்மா.

ஒச்சம்மா ஐந்து, அம்மா நான்கு, பூதலிங்கம் மூன்று. ஒச்சம்மாவுக்கு முன்னால் வழியே தெரியவில்லை. கதவு என்று நினைத்துச் சுவரில் போய் முட்டினாள். சுவருக்கும் அவளுக்கும் நடுவில் ஐந்து பை இருந்ததால் இரண்டுக்கும் சேதமில்லை. எல்லாவற்றையும் அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்தியபோது வெளியே கொட்டியது. பூதலிங்கம் எண்ணினார். பன்னிரண்டு. ஒன்றும் நனையவில்லை.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

“ஒச்சம்மா, இதுல அம்மா பை எது?”

“நீலமா இருக்கும் பாருங்க, அதான்.”

அன்று பொழுது போய்விட்டது. மறுநாள் கார்த்திகை இருபத்தொன்பது. அந்த வருஷம் கார்த்திகைக்கு இருபத்தொன்பது நாள்தான். மாலை நான்கு மணிக்கு வெளியூரிலிருந்து பத்துப் பேர் வருவார்கள். விடிந்தால் மார்கழி.

காலை ஆறு மணிக்கே பூதலிங்கம் அறைக்குள் போனார். பன்னிரண்டு பையையும் தரையில் பரப்பினார். நான்கு கட்டி இருக்கிற பை எதுவோ, அதுதான் அம்மாவின் பை. கண்டுபிடித்து, அந்த நான்கையும் பிரித்துவிட்டால் பன்னிரண்டும் முடிந்தது. நான்கு கட்டிக்கு அரை மணி நேரம் போதும்.

ஒவ்வொரு பையாகக் கால்பக்கம் தடவினார். பன்னிரண்டும் தடவி முடித்தார். கிடைக்கவில்லை. முதலிலிருந்து தடவினார். துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். உதறிப் பார்த்தார். சமையல்கட்டிலிருந்து தராசைக் கொண்டுவந்தார். மதியச் சாப்பாட்டுக்கு ஒச்சம்மா கூப்பிட்டபோது பைகளுக்கு நடுவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இப்ப என்ன ஆகிப்போச்சு?” என்றாள் அவள். “ஏதாச்சும் ஒண்ணை எடுத்து அவுக கதவுக்குப் பின்னால மாட்டுங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

“அதான் தெரியலைங்கிறீகளே!”

பூதலிங்கம் எழுந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மூன்றாம் தடவையும் தடவினார்.

மூன்றரை மணிக்கு அம்மாவிடம் போனார். அம்மா பாறைக்குக் கொண்டுபோக அவல் புடைத்துக்கொண்டிருந்தார். பூதலிங்கம் தூணருகே நின்றார்.

“அம்மா, இந்த வருசமும் எனக்கு உபதேசம் இல்லன்னு வச்சுக்கிடுங்க.”

“ஏன் அண்ணாச்சி?”

“பதினொண்ணுதான் ஆச்சு. பன்னிரண்டாவதைக் காணோம்.”

“களவு போச்சா?”

“இல்லம்மா. எண்ணினா பன்னிரண்டு இருக்கு. மழையில கலந்து போச்சு. உங்களோடது எதுன்னு தெரியல.”

“கட்டி இருக்கிறதுதானே?”

“மூணு தடவை தடவியாச்சு. ஒண்ணுலயும் கட்டி இல்ல.”

“பன்னீர் மணக்குமே?”

“மோந்து பாத்தேன். எல்லாம் வெயில் மணம்தான் அடிக்கு.”

“கஞ்சி மொடமொடப்பு?”

“கன்னத்துல வச்சுப் பாத்தேன். இல்ல.”

“எடை?”

“தராசுல வச்சேன். பன்னிரண்டும் ஒண்ணேகால்.”

அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

“நீங்க சேலைக் கடையில இருந்தவரு. ஒரே ரகத்துல நூறு சேலை இருந்தாலும் போன வாரம் காட்டினது எதுன்னு இழையை வச்சே சொல்லுவீங்க. நல்லாப் பாத்தீங்களா?”

“காலையில ஆறு மணிக்கு உக்காந்தேன்மா. என் கண்ணுக்கும் கைக்கும் எட்டுன மட்டும் பாத்துட்டேன்.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “எது குருவோட பை, எது மத்தவங்க பைன்னு எனக்குத் தெரியலம்மா.”

கீழே படிகளில் பேச்சுக் குரல்கள் கேட்டன. வருகிறவர்கள் பாதி ஏறியிருப்பார்கள்.

அம்மா மடியில் ஒட்டிய அவல் தூசியைத் தட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த பாயை இழுத்துப் போட்டார்.

“அப்ப பன்னிரண்டும் ஆயிடுச்சு அண்ணாச்சி” என்றார். “வாங்க, உக்காருங்க.”